ஒற்றை ஆளைக் காணாத சட்டம்

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. பெரும் சீர்திருத்தம் என்று மத்திய அரசு அதனைக் கொண்டாடியது. உரிமைப் பறிப்பு என்று கூறி மத்தியத் தொழிற்சங்கங்கள் பலவும் அம்மாதம் 26-ஆம் தேதி ஆர்ப்பாட்டம் நடத்தின. வேலை நேரம், வேலைநிறுத்த உரிமை, ஆள்குறைப்பு என்று வாதங்கள் நீண்டன. ஆனால், இரு தரப்பினரும் மறந்துபோன ஒரு தொழிலாளி உண்டு. அவருக்கு முதலாளி இல்லை, சங்கம் இல்லை, உடன் வேலை செய்பவரும் இல்லை. பொழுது விடியும் நேரத்தில், ஆளரவமற்ற தோப்பில், மோட்டார் ரம்பத்தின் கயிற்றை இழுத்து முடுக்கித் தன்னந்தனியாக மரம் அறுக்கத் தொடங்குபவர் அவர்.

சங்கிலி ரம்பம் என்று ஏடுகளிலும், மெஷின் ரம்பம் என்று ஊர்ப்புறங்களிலும், செயின் ஸா என்று கடைகளிலும் அழைக்கப்படும் இந்தக் கருவி, ஒரு காலத்தில் வனத்துறையிடமும் பெரிய ஒப்பந்ததாரர்களிடமும் மட்டுமே இருந்தது. இன்று பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் இணையத்தில் கிடைக்கிறது. வாங்குபவரிடம் வயதையோ, பயிற்சியையோ எவரும் கேட்பதில்லை. அட்டைப் பெட்டியில் ரம்பம் வருகிறது. அயல்மொழியில் அச்சிட்ட ஒரு சிறு கையேடு வருகிறது. அதை முடுக்குபவரின் உடலைக் காக்கும் கவசம் எதுவும் பெரும்பாலும் வருவதில்லை.

இந்த ரம்பத்துக்கான தேவை தானாகப் பெருகிவிடவில்லை. அரசின் கொள்கைகளும் அதற்குக் காரணம். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தைக் காடுகளிலிருந்து எடுக்காமல் விவசாயிகளின் நிலங்களிலிருந்து பெற வேண்டும் என்று வலியுறுத்தியது. 2014-இல் வேளாண் காடு வளர்ப்புக்கெனத் தனிக் கொள்கையே வகுக்கப்பட்டது. இதன் பயனாக, ஹரியாணாவின் யமுனாநகர் பிளைவுட் ஆலைகளுக்கு மேற்கு உத்தரப் பிரதேச வயல்களிலிருந்து பாப்லர் மரம் செல்கிறது. கேரளத்தின் பெரும்பாவூர் ஆலைகளுக்கு முதிர்ந்த ரப்பர் மரம் செல்கிறது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் சவுக்கும் தைலமரமும் காகித ஆலைகளுக்குச் செல்கின்றன. காடுகளைக் காத்த நல்ல கொள்கைதான் இது. ஆனால், காட்டில் குழுவாக நடந்த மரம் வெட்டும் வேலை இதனால் ஆயிரமாயிரம் சிறு வயல்களுக்குச் சிதறிப் போனது. சிதறிய இடத்தில் வேலை செய்பவரும் தனி ஆளாகிப் போனார்.

புயல்களும் இந்தத் தேவையைக் கூட்டுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2019 மே 3-இல் ஃபானி புயல் ஒடிசாவின் புரி கடற்கரையைத் தாக்கியது. 2020 மே 20-இல் உம்பன் புயல் கொல்கத்தாவின் சாலையோர மரங்களை வேரோடு பெயர்த்தபோது, அவற்றை அகற்ற ராணுவத்தையே அழைக்க வேண்டியதாயிற்று. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், ஒடிசாவின் அதிவிரைவுப் படையினரும் தலைக்கவசம் அணிந்து, குழுவாக நின்று, ஒருவர் அறுக்க மற்றவர் காவல் பார்த்து வேலை செய்வதைத் தொலைக்காட்சியில் கண்டோம். படைகள் பெருஞ்சாலைகளைத் திறந்துவிட்டுச் சென்ற பிறகு, கொல்லைகளிலும் தோப்புகளிலும் கூரைகள் மீதும் கிடக்கும் மரங்களை யார் அகற்றுவது? வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன், கடன் வாங்கிய ரம்பத்தோடு வரும் உள்ளூர்க்காரர்தான்.

இந்தக் கருவியின் ஆபத்து எத்தகையது என்பதை அறியாதவர்களே அதன் சந்தையை ஒழுங்குபடுத்தாமல் விட்டிருக்க முடியும். ரம்பத்தின் சங்கிலி வினாடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது, நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்தின் வேகம். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் நுனியில் மேற்பகுதி ஏதேனும் ஒரு கிளையில் பட்டுவிட்டால் போதும். ரம்பம் மேல்நோக்கியும் பின்நோக்கியும் எகிறி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். கையை விலக்கலாம், தலையைச் சாய்க்கலாம் என்று மூளை எண்ணுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். இதனால்தான் நல்ல ரம்பங்களில் முன்கைப் பிடிக்கு எதிரே ஒரு காப்பும், அது தள்ளப்பட்டவுடன் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் வைக்கப்பட்டுள்ளன. மலிவு விலை ரம்பங்களில் அந்த பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பார் எவருமில்லை.

புயலில் விழுந்த மரம் நிற்கும் மரத்தைவிட வஞ்சகமானது. வில்லாக வளைந்து கிடக்கும் கிளை, இழுத்துக் கட்டிய நாணைப் போன்றது. இழுபட்ட பக்கத்தில் ஆழமாக அறுத்த மறுகணமே அது தெறித்து அறுப்பவரை அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்ப்பாகம் சில வேளைகளில் மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். அதன் அருகில் நிற்பவருக்குத் தப்ப வழியிருக்காது. சாய்ந்த மரத்தோடு சேர்ந்து விழுந்த மின்கம்பி எங்கே கிடக்கிறது என்பது இலைக் குவியலுக்குள் தெரியாது.

ஆயினும், ரம்பத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது தனிமை. தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால், உயிரைக் காக்கக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான். அருகில் ஒருவர் இருந்தால் காயத்தை அழுத்திப் பிடிப்பார்; துணியால் இறுக்கிக் கட்டுவார்; ஊரைக் கூப்பிடுவார். எவரும் இல்லையென்றால், வேறிடத்தில் தையலோடு முடிந்திருக்கக் கூடிய காயம் அங்கே மரணமாகிறது. மரத்தின் அடியில் கால் சிக்கிக் கொண்டவருக்கும் இதுவே நிலை. எட்டாத தொலைவில் கிடக்கும் சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்துக்கொண்டேயிருக்கும்.

பிற நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதிகள், மரம் வெட்டும் பணியில் ஈடுபடும் ஒவ்வொரு தொழிலாளியும் மற்றொருவரின் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தொலைவிலேயே வேலை செய்ய வேண்டும் என்கின்றன. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம், கூடுமானவரை சங்கிலி ரம்பத்துடன் தனியாக வேலை செய்யாதீர்கள், தவிர்க்க இயலாவிட்டால் விபத்து நேர்ந்தால் தகவல் சொல்ல ஒரு வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்துகிறது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் இன்னொரு மனிதர் என்பதற்குப் பெரும் செலவோ, உயர் தொழில்நுட்பமோ தேவையில்லை.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020 செப்டம்பர் 22-இல் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்களை ஒட்டி எழுந்த அமளியில் மாநிலங்களவை உறுப்பினர்கள் எட்டு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளை அது. கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் உடல் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் சட்டம், கேள்வி கேட்பவர் இல்லாத அவையில் நிறைவேறியது. அதே கூட்டத்தொடரின் முதல் நாளான செப்டம்பர் 14-இல்தான், பொதுமுடக்கத்தின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய விவரம் எதுவும் அரசிடம் இல்லை என்று அன்றைய தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார் எழுத்து மூலம் பதிலளித்திருந்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

இச்சட்டத் தொகுப்பு பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்தும். மின்விசையைப் பயன்படுத்தும் தொழிற்சாலை என்றால் 20 பேர். பயன்படுத்தாதது என்றால் 40 பேர். அபாயகரமான வேலை என்றால் ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் அரசு இதனை விரிவுபடுத்தலாம் என்று வழி செய்திருப்பது பாராட்டத்தக்கதே. ஆனால், அங்கும் ஒரு தொழிலாளி இருக்க வேண்டுமென்றால் அவருக்கு ஒரு முதலாளி இருந்தாக வேண்டும். தோப்புக்காரரிடம் மொத்தத் தொகை பேசிக்கொண்டு, சொந்த ரம்பத்தோடு வந்து, சொந்த எரிபொருளை ஊற்றி அறுப்பவர் தொழிலாளியா, ஒப்பந்ததாரரா? ஏட்டில் அவர் சுயதொழில் புரிபவர். விபத்து நேர்ந்தால் தோப்புக்காரர் கைவிரிப்பார். மர வியாபாரி அவரைத் தமக்குத் தெரியாது என்பார். பத்துப் பேரைக் காணும் சட்டமும், ஒருவரைக் காணும் விதிவிலக்கும் இவரைக் காண்பதில்லை.

சட்டம் காணாதவர் கணக்கிலும் வருவதில்லை. பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் நிகழும் விபத்துகளுக்குத் தனிப் புள்ளிவிவரம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையில் தொழிற்சாலை மற்றும் இயந்திர விபத்து என்று ஒரு பொதுத் தலைப்பு உண்டு. தோப்பில் ரம்பம் பட்டு ரத்தம் வடிந்து இறந்தவர் அந்தத் தலைப்பின்கீழ் வருகிறாரா, மரம் விழுந்து இறந்தவராகக் குறிக்கப்படுகிறாரா என்பது காவல் நிலைய எழுத்தரின் பேனாவைப் பொறுத்தது. எண்ணப்படாத மரணத்துக்காக எந்த அமைச்சகமும் கூட்டம் போடுவதில்லை.

இதனோடு ஒப்பிட்டால், மரத்துக்கு நம் நாட்டில் கிடைத்திருக்கும் பாதுகாப்பு வியக்க வைக்கிறது. 1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நாடெங்கும் வனங்களில் மரம் வெட்டுவதையும் மர அறுவை ஆலைகளையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2025 மார்ச் மாதம், தாஜ்மகால் பாதுகாப்பு மண்டலத்தில் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியவருக்கு மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெருமளவில் மரங்களை வெட்டுவது மனிதரைக் கொல்வதினும் கொடிது என்று நீதிபதிகள் அப்போது கருத்துரைத்தனர். 2025 ஜூனில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை வெளியிட்டது. மரத்தின் இனம், எண்ணிக்கை, நட்ட காலம், நிற்கும் இடம், புகைப்படம் என அனைத்தையும் இணையதளத்தில் பதிய வேண்டும். இவற்றில் எதையும் குறை கூறுவதற்கில்லை, வரவேற்கத்தான் வேண்டும். நாம் கேட்பது ஒன்றே. மரத்தைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கும் படிவத்தில், அதை அறுக்கப் போகிறவர் யார், பயிற்சி பெற்றவரா, உடன் யார் இருப்பார்கள் என்ற ஒரு கேள்விக்கு இடமிருக்கக் கூடாதா?

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பசுமைப் புரட்சியை அடுத்து பஞ்சாப், ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேசக் களங்களில் மின்விசைக் கதிரடிப்பு இயந்திரங்கள் பெருகின. கதிரை உள்ளே தள்ளிய கைகள் துண்டாகி, ஊருக்கு ஊர் கையிழந்த விவசாயத் தொழிலாளர்கள் நடமாடும் நிலை உண்டானது. அந்த அவலம் நாடாளுமன்றத்தை எட்டியதன் விளைவே 1983-ஆம் ஆண்டின் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அச்சட்டம் தொழிலாளிக்கு அறிவுரை கூறுவதோடு நிற்கவில்லை. இயந்திரத்தின் உற்பத்தி, விநியோகம், பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. இயக்குபவருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் இழப்பீடு வழங்க வகை செய்தது. கதிரடிக்கும் இயந்திரத்தோடு நில்லாமல், வேளாண்மையிலும் ஊரகத்திலும் பயன்படும் பிற அபாயகர இயந்திரங்களையும் ஓர் அறிவிக்கையால் சேர்க்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. புதிய தொழிலாளர் தொகுப்பு நீக்கிய 13 சட்டங்களில் இது இல்லை. அதன் அமலாக்கம் பாராட்டும்படி இல்லை என்பது உண்மைதான். எனினும், கருவி கையில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்த மனம்தான் வேண்டும்.

மத்திய அரசு செய்யக்கூடியவை நான்கு. சங்கிலி ரம்பத்தை 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்வது முதலாவது. செயல்படும் பிரேக் இல்லாத ரம்பமும், தலைக்கவசம், முகத்தடுப்பு, காதுக் காப்பு, கால் கவசம் ஆகியவை சேராத ரம்பமும் விற்பனைக்கு வரக் கூடாது என்று விதிப்பது இரண்டாவது. புத்னி, ஹிசார், கார்லதின்னே, பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் வழியாகவும், வேளாண் அறிவியல் மையங்கள் வழியாகவும் அந்தந்த மாநில மொழியில் குறுகிய காலப் பயிற்சி அளிப்பது மூன்றாவது. இந்த விபத்துகளைத் தனித் தலைப்பில் எண்ணத் தொடங்குவது நான்காவது.

ஏழையின் பிழைப்பில் கைவைக்கும் வேலை இது, உரிமம் என்ற பெயரில் கையூட்டுக்கு வழிவகுக்கும் என்று சிலர் வாதிடக் கூடும். அந்த அச்சம் நியாயமானது. பிலிப்பின்ஸ் நாடு 2002-இல் இயற்றிய சங்கிலி ரம்பச் சட்டம், ரம்பம் வைத்திருப்பவரையே பதிவு செய்யச் சொல்கிறது. அதன் நோக்கம் காட்டைக் காப்பது, அறுப்பவரைக் காப்பதன்று. அந்த வழி நமக்கு வேண்டியதில்லை. கட்டுப்பாடு விற்பவர் மீது இருக்கட்டும், அறுப்பவர் மீது வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் சென்றவரிடம் அபராதம் வசூலிப்பதைவிட, கவசம் இல்லாமல் விற்ற நிறுவனத்தைத் தட்டிக் கேட்பது எளிது; நேர்மையானதும்கூட.

அரசு அசையும் வரை தோப்பில் நிற்பவர் காத்திருக்க முடியாது. கூடுமானவரை தனியாகச் செல்வதில்லை என்பதே அவர் தமக்கு விதித்துக்கொள்ள வேண்டிய முதல் கட்டுப்பாடு. அறுக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டுமென்பதில்லை. மரம் விழும்போது அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் ஒருவர் போதும். தனியாகத்தான் போயாக வேண்டுமென்றால், எந்தத் தோப்பு, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டிலோ தோப்புக்காரரிடமோ சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அழைப்பதாக ஏற்பாடு செய்துகொண்டு, அழைப்பு வராவிட்டால் ஆள் தேடி வர வேண்டும் என்று உறுதியாகக் கூறியிருக்க வேண்டும். கைப்பேசி மரத்தடியில் மாட்டிய சட்டையில் இல்லாமல் உடலோடு ஒட்டிய பையில் இருக்க வேண்டும். கோபுர அலைவரிசை எட்டாத இடமென்றால், தனியாக அறுப்பதை அன்றைக்கு விட்டுவிடுவதே விவேகம். கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் காயத்தை அழுத்திக் கட்டும் அகலமான கட்டுத்துணி, மனத்தில் 112 என்ற அவசர எண். இவை மூன்றும் ரம்பத்துக்கு ஊற்றும் எரிபொருளைப் போலவே இன்றியமையாதவை.

தனியாக இருக்கும்போது எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று அறிவதும் திறமையே. வேறொரு மரத்தில் சாய்ந்து தொங்கும் மரம், வளைந்து இறுகிய கிளை, மின்கம்பி அருகில் உள்ள மரம், ஏணி மீது நின்று அறுக்க வேண்டிய கிளை ஆகியவை இரண்டாம் ஆள் வரும் வரை காத்திருக்கட்டும். தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்குவதும், ஒற்றைக் கையால் பிடிப்பதும் எந்நாளும் கூடாது. தொங்கும் துண்டும், அவிழும் வேட்டியும் சங்கிலிக்கு இரை. மரம் சாயும் திசைக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் ஓட வழியைச் சீர்செய்துகொண்ட பிறகே முதல் வெட்டு விழ வேண்டும். களைப்பு மேலிட்டால் ரம்பத்தை அணைத்துவிட வேண்டும். மாலைக்குள் முடித்துத் தருகிறேன் என்று கொடுத்த வாக்குக்காக மங்கிய வெளிச்சத்தில் அறுப்பது, மேற்கொண்டு கிடைக்கும் சில நூறு ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைப்பதாகும். ஆண்டுக்கு 20 ரூபாய் சந்தாவில் 2 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். அது கையை மீட்டுத் தராது. குடும்பத்தைத் தெருவில் விடாது.

வேலைக்கு அழைப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கூலி பேசும்போது ஓர் ஆளுக்குப் பேசாமல் இரண்டு ஆளுக்குப் பேசுங்கள். அந்த இரண்டாம் கூலி வீண் செலவன்று. உங்கள் நிலத்தில் ஓர் உயிர் போகாமலிருக்க நீங்கள் தரும் விலை.

நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது இன்னும் எளிது. வரும் கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி போதும். சங்கிலி ரம்ப விபத்துகளில் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் உறுப்பிழந்தனர் என்று எந்தக் கட்சி உறுப்பினர் வேண்டுமானாலும் கேட்கலாம். இத்தகைய விவரங்கள் மத்திய அளவில் தொகுக்கப்படுவதில்லை என்ற வழக்கமான பதிலே வரக் கூடும். வரட்டும். கதிரடிக்கும் இயந்திரத்தில் கையிழந்தவர்களைப் பற்றியும் ஒரு காலத்தில் தில்லியில் எவருக்கும் தெரியாதுதான். யாரோ கேட்டார்கள், கேட்டுக்கொண்டேயிருந்தார்கள், சட்டம் வந்தது.